சுட்டதை நான் பார்க்கவில்லை

போன வெள்ளிக்கிழமை, ரோந்து வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் அஜ்மானில் என் மகள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். சாப்பாட்டுக்கு நடுவில் உங்களில் ஒருவர், துப்பாக்கியோடு ஒரு ஆள் எதிரே வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். கிட்டப் போகாதே, ரேடியோவில் சொல், தள்ளி நில், போலீசுக்குக் காத்திரு என்று பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். அது சரியான பதில்தான். ஆனால் துப்பாக்கி நம்மை விட்டுப் போன பிறகுதான் நம் வேலையின் கஷ்டமான பகுதி தொடங்குகிறது. அன்றைக்கு இதைச் சொல்ல ஆரம்பித்தேன். பேத்தி வந்து மடியில் ஏறிக்கொண்டாள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன். அல் ஐனுக்கு வெளியே, இப்போது நீங்கள் வேலை பார்க்கும் அந்த வனவிலங்குக் காப்பகத்துக்கு வேலி போடும் கூலியாளாக வந்தேன். வேலி முடிந்ததும் மற்றவர்கள் அடுத்த சைட்டுக்குப் போனார்கள். நான் ரோந்து வேலை கேட்டு உள்ளேயே தங்கிவிட்டேன். நான் சேர்ந்தபோதும் இப்போது நீங்கள் கற்கிற அதே விதிகள்தான். மான், முயல், பறவை எதையும் வேட்டையாடக் கூடாது. லைசென்ஸ் இருந்தாலும் துப்பாக்கி வேலிக்குள் வரக் கூடாது. குளிர்காலத்தில் தெற்குப் பக்கத்தில் மட்டும், அனுமதிச் சீட்டோடு கூடாரம் போடலாம். தரையில் நெருப்பு மூட்டக் கூடாது, கால் வைத்த அடுப்பில்தான் மூட்ட வேண்டும். போகும்போது குப்பையை மிச்சம் வைக்காமல் எடுத்துப் போக வேண்டும். அவர்கள் போன பிறகு ரோந்துக்காரன் இறங்கி, இடத்தைச் சுற்றி நடந்து பார்த்து, 'சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நம்மிடம் ஆயுதம் கிடையாது. யாரையும் கைது செய்யும் உரிமையும் கிடையாது. நாம் எழுதும் ரிப்போர்ட்தான் நம் கையில் இருப்பது. அதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிப்ரவரி மாதத்து ஒரு திங்கட்கிழமைக் காலை. வண்டி ஓட்டியவர் குல் ஜமான். பெஷாவர்ப் பக்கத்துக்காரர், என்னை விட வயதில் மூத்தவர், பேச்சு குறைவு. இருவரும் இந்தியில்தான் பேசிக்கொள்வோம். கிழக்கு வேலியை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று, சற்று இடைவெளி விட்டு இன்னொன்று. குல் ஜமான் இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுத்தார். மூன்றாவது வரவில்லை.

கன்ட்ரோல் ரூமில் அன்றைக்கு வதனி டியூட்டி. யாழ்ப்பாணத்துப் பெண். நாங்கள் ரேடியோவில் கத்தினாலும் அவள் குரல் உயராது.

"அண்ணை, பொலிசுக்குச் சொல்லிப்போட்டன். வர முக்கால் மணித்தியாலம் ஆகுமாம். நீங்கள் கிட்டப் போகவேண்டாம். நிக்கிற இடத்திலயே நில்லுங்கோ."

நிற்கத்தான் நினைத்தோம். ஆனால் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமே, பக்கத்து மணல்மேட்டின் விளிம்பு வரை மட்டும் போய் வண்டியை நிறுத்திப் பைனாகுலரில் பார்த்தேன். கீழே பழைய வெள்ளைப் பிக்கப் ஒன்று. அதன் பக்கத்தில் வெள்ளைத் தாடி வைத்த ஓர் அரபுப் பெரியவர், கையில் நீளத் துப்பாக்கி. அவர் காலடியில் ஒரு மணல் மான் விழுந்து கிடந்தது.

அவர் எங்களைப் பார்த்துவிட்டார். ஓடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே எங்களை நோக்கி மேட்டில் ஏறி வரத் தொடங்கினார். குல் ஜமான் வண்டியைக் கிளப்பி ரிவர்ஸில் போட்டார். அவர் செய்தது சரி. ஆனால் பின்னால் சரிவு, மணல் இளக்கம். சக்கரம் புதைந்தால் நாங்கள் அங்கேயே மாட்டிக்கொண்டு கிடப்போம், அவர் பக்கத்தில் வந்து நிற்பார். அதைவிட முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது என்று எனக்குப் பட்டது. கதவைத் திறந்து, கதவுக்குப் பின்னாலேயே நின்று, இரண்டு கைகளும் தெரியும்படி மேலே வைத்து சலாம் சொன்னேன். அங்கே வயதானவர்களை 'வாலித்' என்று கூப்பிடுவார்கள், தந்தை என்று அர்த்தம். "வாலித், அதை உங்கள் வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள். எங்களிடம் தண்ணீர் இருக்கிறது" என்றேன். என் அரபி கடைத்தெரு அரபி. பயத்தில் அதிலும் பாதிதான் வாயில் வந்தது.

அவர் நின்றார். தன் கையிலிருந்த துப்பாக்கியை, அது அங்கே இருப்பதே அப்போதுதான் தெரிந்தது போலப் பார்த்தார். திரும்பி நடந்தார். தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பிக்கப்பின் பின்பக்கம் வைத்தார். பிறகு வெறுங்கையோடு ஏறி வந்தார். துப்பாக்கியை இறக்கு என்று நான் அதட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதட்டத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. நீங்கள் இதை வீரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சரிவு இல்லாத இடமாக இருந்திருந்தால் நானும் ரிவர்ஸில்தான் போயிருப்பேன்.

தண்ணீர் குடித்துவிட்டு, மூச்சு வாங்கியபடியே அவர் நடந்ததைச் சொன்னார். வேலிக்கு வெளியே அவருக்கு ஆட்டுப் பண்ணை. நாலைந்து நாளாகக் காட்டு நாய்க் கூட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்று விடியும்போது பண்ணைக்குள் புகுந்து இரண்டு ஆட்டைக் கடித்துப் போட்டுவிட்டது. துரத்தி வந்தவர் வேலி பிய்ந்திருந்த இடத்தின் வழியாக உள்ளே வந்திருக்கிறார். இங்கே நாய்கள் மானைக் கடித்துக்கொண்டிருந்தன. விரட்ட இரண்டு முறை சுட்டேன், மானைச் சுடவில்லை என்றார்.

நான் நம்பவில்லை. அத்தனை வருடத்தில் விதி மீறிய ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. முயலைக் கையில் பிடித்துக்கொண்டே, தானாக வந்து விழுந்தது என்று சொன்னவரும் உண்டு. தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கி மானைப் பார்த்தேன். தொண்டையும் பின்தொடையும் கிழிந்து கிடந்தன. குண்டு பட்ட துளை கண்ணில் படவில்லை. ஆனால் மான் ஒரு பக்கமாகக் கிடந்தது, அடிப்பக்கம் தெரியவில்லை. புரட்டிப் பார்க்கக் கை பரபரத்தது. புரட்டினால் பிறகு எது நாய் செய்தது, எது நான் செய்தது என்று யாருக்கும் தெரியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சுற்றிலும் மணலில் நாய்க் கால்தடங்கள் இருந்தன. தெளிவாக, நிறைய. அந்த நேரம் பார்த்து ஷமால் காற்று எழும்பத் தொடங்கியது. வடமேற்கிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வருமே, அதுதான். தடங்களின் ஓரம் என் கண்ணெதிரிலேயே உதிர்ந்தது. இன்னும் அரைமணி நேரத்தில் அங்கே ஒரு மானும் ஒரு துப்பாக்கியும் மட்டும்தான் மிஞ்சும்.

குல் ஜமானிடம் சொன்னேன். வண்டியிலிருந்த தார்ப்பாயை மான் மேல் போட்டு ஓரங்களில் ஜாக்கியையும் தண்ணீர்க் கேனையும் வைத்தார். சோற்றுப் பாத்திரத்தையும் வாளியையும் நல்ல தடங்களின் மேல் கவிழ்த்தார். நான் மற்ற தடங்களின் பக்கத்தில் என் பேனாவை வைத்து போனில் படம் எடுத்தேன். பெரியவர் தன் தலைத்துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பிக்கப்பிலிருந்து ஒரு பெரிய அலுமினியத் தட்டை எடுத்து வந்து நீட்டினார்.

போலீஸ் வந்தது. இளம் அதிகாரி ஒருவர், மரியாதையாகத்தான் பேசினார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பெரியவரை வண்டியில் ஏற்றினார். என் ரிப்போர்ட் மதியத்துக்குள் வேண்டும் என்றார். பெரியவர் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, ஆடுகளுக்கு யாராவது தண்ணீர் திறந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குள் முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது, அவர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று.

பண்ணைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்தோம். இரண்டு ஆடுகள் கடிபட்டுக் கிடந்தன, படம் எடுத்தேன். அங்கிருந்து கிளம்பி, காற்று முழுவதும் அழிப்பதற்குள் நாய்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கத் தடங்களைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போனோம். அவை தெற்கே ஒரு பள்ளத்தில் கொண்டுபோய் விட்டன. காஃப் என்கிற பாலைவன மரம் ஒன்றின் அடியில் ஆட்டு எலும்பு, காய்ந்த சோறு, அலுமினியத் தாள், கிழிந்த கறுப்புக் குப்பைப் பைகள். தரையில் நெருப்பு மூட்டிய கறுப்பு வட்டம். நாய்கள் அங்கே பல நாளாகத் தின்று உருண்டிருந்தன.

அந்த இடத்தை எனக்குத் தெரியும். முந்தைய புதன்கிழமை ஒரு பெரிய குடும்பம் அங்கே கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனது. நல்ல மனிதர்கள். பேரீச்சம்பழமும் காவா என்கிற அரபுக் காப்பியும் கொடுத்தார்கள். அன்று எனக்கு முழங்கால் வலி. அவர்கள் போன பிறகு வண்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மரத்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. சீட்டில் 'சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இறங்கவில்லை.

குல் ஜமான் அதையெல்லாம் எனக்கு நினைவுபடுத்தவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்:

"பாய், பின்னால் இரண்டு பெரிய சாக்கு இருக்கிறது. பத்து நிமிடத்தில் அள்ளிவிடலாம். நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கலாஸ், அதோடு முடிந்தது."

என் மேல் உள்ள அன்பில்தான் சொன்னார். அடுத்த மாதம் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும். மகள் திருச்சியில் நர்சிங் இரண்டாவது வருஷம். நான் இறங்கி ஒரு சாக்கை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், மறைக்காமல் சொல்கிறேன். குனிந்து ஒரு எலும்பை எடுத்தும்விட்டேன். அள்ளிவிட்டால் என் கையெழுத்து உண்மையாகிவிடும், பெரியவர் சொன்னது பொய்யாகிவிடும். நாய்கள் உள்ளே ஏன் வந்தன என்பதற்கு அந்தப் பள்ளத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அவ்வளவு தெளிவாக அப்போது யோசித்தேனா என்று தெரியவில்லை. அந்த எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது கேவலமாக இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்தேன். சாக்கை வண்டியில் போட்டுவிட்டுப் படம் எடுத்தேன். குல் ஜமான் இறங்கி வந்து, காற்றில் பறந்துகொண்டிருந்த ஒரு பையைப் படத்துக்காகக் காலால் மிதித்துக்கொண்டார்.

ஆபீசில் மேற்பார்வையாளர் காத்துக்கொண்டிருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ரூமுக்குக் கஞ்சி அனுப்புகிறவர். ஆனால் அன்று காலை ரேடியோவில் துப்பாக்கி, மான் என்ற இரண்டு வார்த்தைகளைக் கேட்டதுமே மேலிடத்துக்குப் போன் போட்டு, வேட்டைக்காரன் பிடிபட்டான் என்று சொல்லிவிட்டிருந்தார். மேலிடம் பாராட்டியும்விட்டது.

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன், பள்ளத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"என்னய்யா சொல்ற? துப்பாக்கி இருக்கு, செத்த மான் இருக்கு, ஆள் இருக்கான். மூணும் ஒரே இடத்துல இருக்கு. இன்னும் என்ன வேணும் உனக்கு? சுட்டான்னு எழுது. அந்தக் குப்பைக் கதைய எழுதுனீன்னா மொதல்ல போறது ஒன் வேலைதான்."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, உனக்காகத்தான் சொல்கிறேன் என்றார். அதுவும் பொய் இல்லை. அதுதான் சங்கடம். மிரட்டுகிறவரை எதிர்த்து நிற்பது சுலபம். நம் மேல் அக்கறையோடு தப்பான வழியைக் காட்டுகிறவரிடம் என்ன சொல்வது? சரி, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வதனியின் மேசைக்குப் போனேன். என்ன எழுதப் போகிறேன் என்று அந்த நிமிடம் வரை எனக்கே நிச்சயம் இல்லை.

எங்கள் ரிப்போர்ட்டுகளை அவள்தான் ஆங்கிலத்தில் டைப் செய்வாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் விரல் ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கும் ஓடியது. இத்தனை மணிக்கு இரண்டு வெடிச் சத்தம். மேட்டில் நின்று பார்த்தோம். ஒருவர் துப்பாக்கியுடன் நின்றார். அருகில் இறந்த மான். அங்கே நான் நின்றுவிட்டேன். அடுத்த வரி வரவில்லை. அவளும் விரலை நிறுத்தினாள்.

"மானைச் சுட்டவர் எண்டு போடவோ அண்ணை?" என்று கேட்டாள். திரையைப் பார்த்தபடியே இன்னொன்றும் கேட்டாள். "சுட்டதை நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லம்மா. பாக்கல."

"அப்ப காணேல்லை எண்டுதானே போடோணும்."

போட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக வந்தது. சத்தம் கேட்டேன், சுட்டதைப் பார்க்கவில்லை. தடங்களைப் பார்த்தேன், நாய்களைப் பார்க்கவில்லை. மானைப் புரட்டவில்லை, அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று தெரியாது. பள்ளத்தில் குப்பை இருக்கிறது. புதன்கிழமை அந்த இடத்தைச் 'சுத்தம்' என்று எழுதியவன் நான், அன்று வண்டியை விட்டு இறங்கவில்லை. கடைசி வரியை டைப் செய்யும்போது அவள் ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் கால்நடை மருத்துவர் மானைப் பரிசோதித்தார். குண்டு எதுவும் இல்லை, எல்லாம் பல் பட்ட காயம்தான். தார்ப்பாய்க்கும் அலுமினியத் தட்டுக்கும் கீழே இருந்த தடங்களைப் போலீசும் படம் எடுத்தது. பெரியவர் வேட்டை வழக்கிலிருந்து தப்பினார். காப்பகத்துக்குள் துப்பாக்கி கொண்டுவந்ததற்குத் தண்டனை உண்டல்லவா, அது கிடைத்தது. துப்பாக்கியைச் சில காலம் போலீசே வைத்துக்கொண்டது. அது நியாயம்தான். நல்ல காரணத்துக்காக உள்ளே வந்தாலும் குண்டுக்குக் காரணம் தெரியாது. மேட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருந்தோம், வேறொரு நாள் வேறு யாராவது இருப்பார்கள்.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. ரோந்திலிருந்து எடுத்து மூன்று மாதம் மெயின் கேட்டில் உட்கார வைத்தார்கள். கான்ட்ராக்ட் புதுப்பிக்கக் கடைசி நாள் வரை இழுத்தடித்து, ஒருவழியாகப் புதுப்பித்தார்கள். மகளிடம் அப்போது சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவளும் தெரிந்துகொள்வாள். மேற்பார்வையாளர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மேலிடத்துக்கு மறுபடி போன் செய்து, காலையில் சொன்னது தவறு என்று அவர் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. எட்டாம் நாள் கேட்டுக்கு இரண்டு டீயோடு வந்தார். "நீ அப்படி எழுதாம இருந்திருந்தா நான் சொன்னதுதான் நின்னிருக்கும். நின்னிருந்தா அந்த ஆளு உள்ள இருந்திருப்பாரு" என்றார். பிறகு டீ ஆறுகிற வரை வேலி பழுது பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது நீங்கள் டேப்லெட்டில் ரிப்போர்ட் எழுதும்போது, 'நேரில் பார்த்தது', 'அனுமானம்' என்று இரண்டு கட்டங்கள் வருவதாகவும், ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு தடவை எழுத வேண்டும் என்றும் வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சலித்துக்கொண்டீர்கள். அந்தக் கட்டங்களைப் போட்டது அந்த மேற்பார்வையாளர்தான்.

கேட்டில் இருந்த நாட்களில் ஒரு நாள் முற்பகல் அந்த வெள்ளைப் பிக்கப் வந்து நின்றது. பெரியவர் இறங்கி, நேராக என்னிடம் வந்து, காகிதம் எழுதியவன் நீதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்டேஷனில் அதை அவருக்கு அரபியில் படித்துக் காட்டியிருக்கிறார்கள். குப்பை விஷயத்தையும் நீயே எழுதினாயாமே என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரோந்துக்காரன் எதற்குக் கேட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "எனக்கும் தண்டனை, உனக்கும் தண்டனை. அந்த நாய்கள் மட்டும் சுகமாக இருக்கின்றன" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மூன்று மாதத்தில் நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இனி நாய் வந்தால் துப்பாக்கியை எடுக்கக் கூடாது, யாரைக் கூப்பிடுவது என்று கேட்டுப் போனை என் கையில் கொடுத்தார். கன்ட்ரோல் ரூம் எண்ணைப் போடப் போனேன். அது வேண்டாம், உன் எண்ணைப் போடு என்றார். போட்டேன். பெயர் எழுத வேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். எனக்கு அரபி எழுதத் தெரியாது. தனக்கும் படிக்கத் தெரியாது, அதனால் எந்த மொழியில் இருந்தால் என்ன, உனக்குத் தெரிந்ததில் எழுது என்றார். அவர் போனில் தமிழில் எழுத வசதி இல்லை. என் போனில் பெயரை எழுதி அவருக்கு அனுப்பி, அதிலிருந்து எடுத்து ஒட்டினேன். அவர் கண்ணருகே வைத்துப் பார்த்து, வளைவு வளைவாக இருக்கிறது, சுலபமாக அடையாளம் தெரியும் என்றார்.

அதற்குப் பிறகு அவர் துப்பாக்கி எடுத்து யாரும் பார்க்கவில்லை. வேலி பிய்ந்தால், நாய் தெரிந்தால், யாராவது தரையில் நெருப்பு மூட்டிப் புகை எழும்பினால் எனக்குப் போன் வரும். கிழக்கு வேலிக்கு அவரைப் போலக் காவல் வேறு யாரும் செய்ததில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அஜ்மானில் இருக்கிறேன் என்று மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. சரி சரி என்கிறார், மறுபடி எனக்கேதான் கூப்பிடுகிறார். நேற்றுக் காலையும் கூப்பிட்டார். பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே கம்பி தளர்ந்திருக்கிறதாம், உள்ளே இரண்டு நாய்களைப் பார்த்தாராம். உடனே உங்கள் கன்ட்ரோல் ரூமுக்குச் சொன்னேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தீர்களா?